மைத்துனர் சோதித்த லேப்டாப்

என் மனைவியின் தம்பிக்கு அலுவலகத்தில் நோகாமணி என்று பெயர். வைத்தவர் யாரோ, ஆளை அறிந்து வைத்திருக்கிறார். குழாய் உதிரிபாகங்கள் விற்கும் நிறுவனமொன்றில் மைத்துனர் கொள்முதல் உதவியாளர். காற்றடித்தால் மல்லாந்துவிடும் குடைதான் வாங்குவார், எடை குறைவு என்பதற்காக. கனமான எதையும் அவர் ஏற்றதில்லை, பொறுப்பு உட்பட.

கொள்முதல் மேலாளர் ஓய்வுபெறும் சமயத்தில் முதலாளி இவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தார். ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர்களுக்கு இலேசான லேப்டாப் வேண்டும். அன்றாட வேலைக்கும் பயணத்துக்கும் ஒத்துவருமா என்று இவரே வைத்திருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மேலாளர் நாற்காலி இவருக்கு.

பயணச் சோதனைக்கு எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தார். சாப்பாட்டுச் செலவில்லாத ஊர் வேறு அவருக்குத் தெரியாது. லேப்டாப்பைப் பச்சைக் குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"தூக்கிப் பாருங்க அத்தான். கையில இருக்கிறதே தெரியாது."

"நீ ஆபீஸ்ல இருக்கிறதும் அப்படித்தானாமே தம்பி" என்றாள் என் மனைவி.

அவர் செய்த சோதனையை அருகிலிருந்து பார்த்தேன். ஒற்றை விரலால் மூடியைத் திறப்பார், மூடுவார். விசிறிச் சத்தம் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்பார். ஜன்னலோரம் வைத்து ஒரு படம், மடியில் வைத்து ஒரு படம். பிறகு மெத்தென்ற துணியால் துடைத்து உறையில் போட்டுவிடுவார். திரைமேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக் படலத்தைக்கூட உரிக்கவில்லை. அலுவலகத்திலிருந்து பில் போடச் சொல்லிக் கூப்பிட்டால், தான் சோதனையில் இருப்பதாகச் சொல்லி வேறு யார் தலையிலாவது கட்டினார். நாலு வரி தட்டிப் பார்க்கலாமே என்றேன்.

"கீ எல்லாம் தேஞ்சிடும் அத்தான். திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள்."

சார்ஜ் இரண்டு நாள் நிற்கிறது, சூடேறுவதில்லை, சத்தமே இல்லை என்று அறிக்கை கொடுத்தார். அத்தனையும் உண்மை. எனக்கு எரிச்சலே அதுதான்.

முதலாளி விவரமானவர். மொத்தமாக வாங்குமுன் அதே லேப்டாப்பை மூத்த விற்பனையாளரான ஓர் அம்மாளிடம் கொடுத்தார். அவர் படலத்தை உரிக்கக்கூட நிற்காமல் வேலையைத் தொடங்கிவிட்டார். ஆர்டர்களை ஏற்றினார், பில் போட்டார், வாடிக்கையாளர்களோடு வீடியோவில் ஓயாமல் பேசினார். அடிப்பக்கம் தோசைக்கல்லாய்ச் சுட்டது, விசிறி இரைந்தது, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திரை இருண்டுவிட்டது.

முதலாளி இவரைக் கூப்பிட்டார். இந்த இடத்தில் சமாளிக்கத் தெரிந்த மனிதன் என்றால், இடையில் ஏதோ கோளாறு வந்துவிட்டது என்றிருப்பான்.

"எங்கிட்ட இருந்தப்ப ரெண்டு நாள் நின்னுச்சு சார். சத்தியமா."

அந்த அம்மாளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்ததாம். முதலாளி சற்றுத் தாமதமாகக் கேட்டார்: "அந்த ரெண்டு நாளும் அதுல என்னப்பா வேலை பார்த்தே?"

உத்தியோகத்தில் சேர்ந்த நாள்முதல் முதலாளியிடம் மறைத்து வந்ததைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு இன்றுவரை உறைக்கவில்லை. மெஷின் துரோகம் செய்துவிட்டதாக அக்காவிடம் வந்து புலம்பினார்.

நாற்காலி அந்த அம்மாளுக்குப் போயிற்று. கொஞ்சம் கனம் கூடின, நாள் முழுக்கத் தாங்குகிற லேப்டாப் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். மைத்துனருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். தோள் வலிக்கிறதாம். அதன் திரையில் படலம் இல்லை. கொடுக்கும்போதே அந்த அம்மாள் உரித்துவிட்டுத்தான் கொடுத்தாராம்.