நாலாம் பொத்தானில் சந்தனம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கிலம் படித்தவள் நான். அந்த ஆங்கிலம் முதன்முதலாகப் பயன்பட்டது என் மாமாவின் செல்போனுக்கு. அவ்வளவுதான் அதற்கு அப்போது மரியாதை.

2004. நான் எட்டாம் வகுப்பு. அப்பா மீன் ஏலம் நடக்கும் இடத்தில் ஐஸ் கட்டி உடைப்பவர். அம்மாவின் அண்ணன், அதாவது மாமா, திருப்பாதிரிப்புலியூரில் பந்தலும் மைக் செட்டும் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். சொந்தக்காரர்களில் முதல் செல்போன் அவருடையது. சாம்பல் நிறம், தலையில் டார்ச். அது வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே மெல்லிய வெள்ளைச் சட்டைகளாக வாங்கிப் போட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போவோம். போனதும் போன் என் கைக்கு வரும்.

"பாப்பா, யாரோ முக்கியமா அனுப்பியிருக்காங்க. படி."

யாரும் எதுவும் அனுப்பியிருக்க மாட்டார்கள். "ராசிபலன் தெரிஞ்சிக்க ஒண்ண அழுத்தணுமாம் மாமா."

"அழுத்திடாத! உள்ள இருக்கறது எதுனா போயிடும்."

இப்படி ஒன்பது செய்திகளைப் படித்து முடிப்பதற்குள் மாமா தூங்கிவிடுவார். பத்தாவதாக நான் பாம்பு விளையாட்டைத் திறப்பேன்.

பாம்பு எனக்குப் புதிதல்ல. மாமாவின் மகன் தேர்த் திருவிழாவில் வாங்கிய வீடியோ கேம் கைப்பெட்டி ஒன்று வைத்திருந்தான். அட்டையில் தொள்ளாயிரம் விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே நாலுதான், அதையே வேகம் மாற்றி மாற்றிக் காட்டும். அதில் ஒன்று பாம்பு. கட்டம் கட்டமாக, செங்கல்லை அடுக்கிய மாதிரி நகரும். சுவரில் மோதினால் செத்துப்போகும். மாமா மகன் என்னைவிட ஒரு வயது பெரியவன், எனக்கு முறைப் பையன் வேறு. அவனை 'மாமா' என்று கூப்பிடச் சொல்லி அம்மா எத்தனையோ முறை கிள்ளியிருக்கிறாள். நான் அவனை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டேன். அவன் பாம்பு எப்போதும் முதல் சுவரிலேயே முட்டிக்கொள்ளும். கோபத்தில் பெட்டியையும் ஒருநாள் சுவரில் அடித்தான். விளையாட்டின் விதியை அப்போதுதான் சரியாகக் கடைப்பிடித்தான்.

செல்போன் பாம்பு வேறு மாதிரி. சுவரே கிடையாது. வலது ஓரத்தில் வெளியே போனால் இடது ஓரத்தில் உள்ளே வரும். வாலைக் கடித்துக்கொண்டால் மட்டுமே சாவு. ஒரு ஞாயிறு மதியம் ஒன்பதாம் வேகத்தில் வைத்து ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு எடுத்தேன். கை வியர்த்து பொத்தான் வழுக்கியது.

அந்தப் போனில் எண் மட்டும்தான் நிற்கும். யார் எடுத்தது என்று பெயர் நிற்காது. சாயங்காலம் கடைக்கு வந்த ஒருவர் போனை நோண்டிவிட்டு, "ஆத்தாடி, யார்ணே இது ஆடுனது?" என்று கேட்டார். மாமா யோசிக்கவே இல்லை.

"வேற யாரு, எம்புள்ளதான்."

எம்புள்ள பக்கத்தில் நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தான். இல்லை என்று சொல்ல வாய் காலியாக இல்லை.

நான் வாயைத் திறந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். "பொம்பளப் புள்ள, செய்தி படிச்சமா, குடுத்தமான்னு இருக்கணும். போன வச்சிகிட்டு என்ன வேல?" என்றாள். அம்மாவின் கை என் தொடையைத் தேடி வந்தது. நான்தான் எடுத்தேன் என்றால், நான்தான் இவ்வளவு நேரம் போனை வைத்திருந்தேன் என்று ஒப்புக்கொள்வதாகும். மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு அந்த எண் கடலூர் முழுக்கச் சுற்றியது. கல்யாணப் பந்தலில் மைக் சோதிக்கிறவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்பார்கள். மாமா, "ஆயிரத்தி எழுநூத்தி நாப்பத்தாறு... ஆயிரத்தி எழுநூத்தி நாப்பத்தாறு..." என்பார். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து என் மதிப்பெண்ணை ஒலிபெருக்கியில் கேட்டபடி அப்பளம் கடித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். "அவனுக்கு கம்ப்யூட்டர் மூள" என்று முடிவாயிற்று. அவனை இன்ஜினியரிங் சேர்ப்பது என்றும் அன்றே முடிவாயிற்று.

அடுத்த ஆயுத பூஜைக்கு மாமா ஆம்ப்ளிஃபயர், மைக், கடப்பாரை, ஏணி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தார். செல்போனையும் வைத்தார். புகழ் பெற்ற போன் இல்லையா? திரைக்கு மேலே ஒரு பொட்டு வைத்தால் போதாது என்று பொத்தான்களுக்கும் மூன்று விரலால் சந்தனம் இழுத்தார். அது காய்ந்து நாலாம் எண்ணுக்குள் இறங்கிக் கல்லாகிவிட்டது. நாலு அழுந்தவில்லை. நாலுதான் பாம்பை இடது பக்கம் திருப்பும் பொத்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனார்கள். "கழட்டணும்ணே. உள்ள இருக்கறதுக்கு கேரண்டி இல்ல" என்றார் அவர்.

"ஸ்கோரு?"

"அதுவும்தான்."

மாமா போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு எண்ணில் நாலு இருக்கும் ஆட்களுக்கு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த்தான் பேசினார். வெயிலில் ரோட்டைக் கடந்து போவார், பையில் செல்போன் ஆடும். மூன்று முறை பேட்டரி மாற்றினார். போனை மாற்றவில்லை. மாமா மகனுக்கும் வசதியாகப் போயிற்று. யாராவது ஆடிக் காட்டச் சொன்னால், "சந்தனம் மாட்டிக்கிச்சு. இல்லன்னா ரெண்டாயிரம் போட்டிருப்பேன்" என்பான்.

எனக்கு அந்தச் சாக்கு தேவைப்படவில்லை. பொங்கலுக்குப் போனபோது மாமா தூங்கியதும் ஆடிப் பார்த்தேன். இடது பக்கம் போக இடது பொத்தான் எதற்கு? வலது பக்கமே விடாமல் போனால் இடது ஓரத்தில்தானே வந்து நிற்கும். ஒரு சுற்றுக்கு ஒரு வரி இறங்கவோ ஏறவோ வேண்டும், அவ்வளவுதான். மறந்தால் சொந்த வால் எதிரே வரும். இரண்டு வருஷத்தில் கை பழகிவிட்டது. ஆனால் ஆயிரத்து எழுநூறு நெருங்கியதும் நானே வாலில் மோதி முடித்துவிடுவேன். அவனுக்கு இன்னொரு பெருமை சம்பாதித்துக் கொடுக்க எனக்கு மனமில்லை.

பதினோராம் வகுப்பில் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில் மறுபடி பாம்பைச் சந்தித்தேன். நீலத் திரை, சுற்றிலும் சுவர், இரண்டு பேர் ஒரே விசைப்பலகையில் ஆடலாம். பையன்கள் முதல் வரிசைக் கம்ப்யூட்டர்களில் ஆடினார்கள். எங்களுக்குக் கொடுத்தவற்றில் ஒன்றுதான் ஓடும், அதைச் சுற்றி எட்டு பெண்கள். 2009இல் சிதம்பரம் அண்ணாமலை நகர் போய் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சேர்ந்தேன். விடுதியில் அறைத்தோழியின் கலர் போனில் இருந்த பாம்புக்குக் கண் இருந்தது, நாக்கு இருந்தது, புல்வெளி இருந்தது. திரும்பத்தான் தெரியவில்லை. பொத்தானை அழுத்திய பிறகு யோசித்துவிட்டுத் திரும்பும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மாமா மகன் நினைவு வந்தது. அலங்காரம் ஏற ஏற வேலை குறையும் என்று அந்தப் பாம்பிடம் கற்றுக்கொண்டேன்.

2012இல் பட்டம் முடித்தேன். அதே ஊரில் எம்.எஸ்சி. இடமும் கிடைத்துக் கடிதம் வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் சேர வேண்டும். அந்த ஞாயிறு மாமா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குப் பூ வைக்க வந்தார். அத்தை என் தலையில் பூவைச் செருகிவிட்டால் கல்யாணம் முடிவானது என்று அர்த்தம். மாப்பிள்ளையான மாமா மகனுக்கு அப்போது இன்ஜினியரிங்கில் பதினொரு பேப்பர் பாக்கி. கையில் புதிய தொடுதிரை போன்.

"நான் மேல படிக்கப் போறேன்" என்றேன்.

"ஸ்வீட் எடுத்துக்குங்க அண்ணே" என்றாள் அம்மா.

"நான் எம்.எஸ்சி. சேரப் போறேன்."

"மின்விசிறிய கொஞ்சம் ஜாஸ்தி வை மாப்ள" என்று அப்பாவிடம் சொன்னார் மாமா.

மூன்றாவது முறை சொன்னதும் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, படிச்ச வரைக்கும் போதும். வீட்டுக்கு ஒரு மூள இருந்தா பத்தாதா? எம்புள்ள ஒம்பதாவது படிக்கறப்பவே ஆயிரத்தி எழுநூத்தி நாப்பத்தாறு போட்டவன். இன்னிய வரைக்கும் ஒருத்தன் தாண்டல."

அத்தை பூவை இலையிலிருந்து பிரித்தாள்.

"அந்த போன குடுங்க மாமா."

"எதுக்கு? செய்தி எதுவும் வரலியே."

"குடுங்க."

பழக்க தோஷம், கொடுத்துவிட்டார். மாமா மகன் குனிந்து, "அதுல லெஃப்ட்டு வேல செய்யாது. இதுல ஆடு" என்று தன் போனை நீட்டினான். அதில் பாம்பு பளபளவென்று ஆப்பிள் தின்றுகொண்டிருந்தது. தொட்டால் விரல் பாம்பையே மறைத்துவிடும். வேண்டாம் என்றேன்.

ஒன்பதாம் வேகம். வலது, கீழே, வலது, மேலே. கால் மணி நேரம் கூடத்தில் பொத்தான் சத்தம் மட்டும்தான். காபி ஆடை கட்டியது. "அத வாங்கி வைங்க" என்று அம்மா இரண்டு முறை அப்பாவிடம் சொன்னாள். அப்பா வாங்கவில்லை. ஐஸ் உடைக்கும்போது பார்ப்பது போல என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரத்து எழுநூறு வந்தபோது, வழக்கம்போல மோதிவிடத் துடித்த கட்டை விரலை அடக்கினேன். கடைசியில் வாலைக் கடித்தபோது ஆயிரத்து எழுநூற்று அறுபத்துநாலு. திரையில் எழுத்து வந்தது.

"என்னா எழுதியிருக்கு?" என்றார் மாமா.

"புது டாப் ஸ்கோர்னு எழுதியிருக்கு மாமா."

எட்டு வருஷமாக நான் படித்த எதையும் சந்தேகப்படாதவர், போனை வாங்கி மகனிடம் நீட்டினார். "நீ படி."

அவன் படித்தான். "ஆமாம்பா." போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "அன்னிக்கும் அவதாம்பா" என்றான்.

"என்னிக்கு?"

"ஆயிரத்தி எழுநூத்தி நாப்பத்தாறு. அவ போட்டது. நான் முந்நூற தாண்டுனதே இல்ல."

அதை அவன் ஏன் சொன்னான் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அவனுக்கும் வேறு யாராவது மனதில் இருந்திருக்கலாம். என்னைக் கட்டிக்கொண்டு ஆயுசு முழுக்க அந்தப் பொய்யோடு ஒரே வீட்டில் இருக்கப் பயந்திருக்கலாம். எப்படியோ, அவன் வாய் காலியாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாமா எழுந்தார். மேலே படிக்கப் போகிறேன் என்று நான் மூன்று முறை சொன்னதற்கு அசையாத மனிதர்.

"மைக்குல சொன்னேனேடா" என்றார். "சேத்தியாத்தோப்பு கல்யாணத்துல, எம்.எல்.ஏ. முன்னாடி சொன்னேனேடா!"

"மச்சான், காபி..." என்றார் அப்பா.

"வேணாம் மாப்ள."

கொண்டுவந்த பூத்தட்டை அவரே எடுத்துக்கொண்டார். அத்தை பிரித்த பூவைத் திரும்பக் கட்டத் தெரியாமல் தன் தலையிலேயே செருகிக்கொண்டு பின்னால் போனாள். அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "ஒரு பொம்பளப் புள்ள, ஒரு பத்து கொறச்சி ஆடியிருக்கக் கூடாதா?" என்று அழுதாள். ஏழு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் சிதம்பரம் பஸ் ஏறினேன்.

ஆயுத பூஜை முடிந்து அம்மா விடுதிக்குப் போன் செய்தாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு மெல்லக் கூடி வந்திருந்தது. மாமா இந்த வருஷம் போனுக்குச் சந்தனம் வைக்கவில்லையாம். ஊசியை வைத்து நாலாம் பொத்தானைக் குடைந்து குடைந்து சரி செய்துவிட்டாராம். இனி காப்பாற்ற அதற்குள் என்ன இருக்கிறது? இப்போது கடையில் பந்தல் கேட்டு வருபவர்களைக்கூட உட்கார வைத்துவிட்டு அவரே பாம்பு ஆடுகிறாராம், என்னைத் தாண்டாமல் விடுவதில்லை என்று.

"எவ்ளோ வந்திருக்கு?" என்றேன்.

"நூத்தி எட்டாம்."

"மைக்குல சொல்லிட்டாராமா?"

அம்மா போனை வைத்துவிட்டாள்.