பாதிப் பெயர்

ரங்கசாமி என்ற பெயரை அவருக்கு வைத்தவர் அவருடைய அம்மா செல்லாயி. முதல் இரண்டு குழந்தைகளும் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டன. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது செல்லாயி நாமக்கல்லுக்குப் போனார். மலை மேல் ஏறவில்லை. கீழே தெருவில் நின்றபடியே ரங்கநாதரைக் கும்பிட்டார். பிள்ளை தங்கினால் உன் பெயரையே வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு திரும்பினார். பிள்ளை தங்கியது. அது 1970. சங்ககிரியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊரின் காலனியில் அவர் பிறந்தார்.

ஐந்து வருஷம் அவர் ரங்கசாமியாகவே இருந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மா கையைப் பிடித்து அழைத்துப் போன அன்று, ஹெட்மாஸ்டரோடு ஊர்ப் பண்ணையக்காரர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவருடைய தோட்டத்தில்தான் செல்லாயி களை வெட்டிக்கொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் பையனின் பெயரைக் கேட்டார். அம்மா சொன்னார். பண்ணையக்காரருக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

“ஏம்புள்ள, நீ என்னையச் சாமின்னு கூப்புடற. நாளைக்கு உன்ற பையன் தோட்டத்து வேலைக்கு வந்தா, நான் அவனைச் சாமின்னு கூப்புடோணுமா?”

செல்லாயி என்ன சொல்வார்? “இல்லீங்க சாமி” என்றார். ஹெட்மாஸ்டர் ‘ரங்கன்’ என்று எழுதி, கீழே அம்மாவின் கைநாட்டை வாங்கிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையைச் சாமி என்போம், வயதானவர்களைச் சாமி என்போம், பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் முன்பின் தெரியாத குழந்தையைக்கூட “இப்படி நகுந்துக்க சாமி” என்போம். அந்தச் சொல்லுக்கு எங்களிடம் பஞ்சமே கிடையாது. அந்தப் பையனுக்கு மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. நான் ராசிபுரத்து நெசவுக் குடும்பம். பெயர் குமரகுரு. வீட்டில் தறி ஓடாமல் போனதும், 1998இல், என் இருபத்திரண்டாம் வயதில், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வண்டி ராய்ப்பூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதில் டிரில்லராக இருந்தவர்தான் அவர். ஏழு வருஷமாக அந்த வண்டியில் இருந்தார். “ரங்கசாமிங்க” என்று அவரே சொன்னார். ரிக் வேலைக்கு யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை. என்ன பெயர் சொல்கிறோமோ அதுதான் பெயர்.

அவரைப் போல ஒரு டிரில்லரை நான் பார்த்ததில்லை. குழிக்குள்ளிருந்து பீறிட்டு வரும் தூசியின் நிறத்தைப் பார்த்து, இன்னும் எத்தனை ராடு இறக்கினால் தண்ணீர் வரும் என்று சொல்வார். பெரும்பாலும் தப்பாது. கண்ணாடி போட்டு, தூசிக்கு முகத்தைக் கட்டச் சொன்னால், “அதெல்லாம் போட்டா நெறம் தெரியாது தம்பி” என்பார். நான் வீட்டை நினைத்து அழுத முதல் மாதத்தில் எனக்கு ரசம் சாதம் பிசைந்து கொடுத்தவர் அவர்தான். ஒரே சட்டியில் சமைத்து, ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பத்து வருஷம் நான் அவருக்குத் தம்பி. எனக்கு அவர் அண்ணன்.

2002இல் அவருக்கு மகள் பிறந்தாள். சேதி வந்தபோது கம்ப்ரசர் பழுதாகி, சாமானுக்காக இரண்டு நாளாகச் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னோம். வண்டி டிரைவர் மாதேஸ்வரன், மேச்சேரிக்காரர், பெயர் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பவர்.

“பேரைச் சொல்லுங்க. ஆளைப் பாக்காம ஊரு, வயசு, சாதி மூணையும் சொல்லிப் போடறேன்” என்றார்.

நாங்கள் தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் சொன்னோம். முத்தாயம்மாள் என்றால் தோட்டம் காடு உள்ள வீட்டுக் கிழவி. மோனிஷா என்றால் இங்கிலீஷ் மீடியம், அப்பனுக்கு லாரி இருக்கும். அங்கமுத்து என்றால் எந்த ஊர், எந்தத் தெரு என்பது வரை சொன்னார். முக்கால்வாசி சரியாகவே இருந்தது. எல்லோரும் சிரித்தோம். கடைசியில் ஒருவர், “நம்ம டிரில்லர் பேருக்குச் சொல்லுங்க பாக்கலாம்” என்றார்.

“ரங்கசாமியா? இதென்னங்க கேள்வி. கெணறும் பத்து ஏக்கர் தோட்டமும் வெச்சிருந்த குடும்பம். தண்ணி வத்திப்போயி ரிக்குக்கு வந்திருப்பாரு.”

ரங்கசாமி அண்ணன் சோற்றுச் சட்டியைக் கழுவ எழுந்து போனார்.

மகளுக்குப் பிரீத்தி என்று வைத்தார். ஏன் அந்தப் பெயர் என்று பிறகு தனியாகக் கேட்டேன். “அந்தப் பேருல ஒண்ணுமே தெரியாது தம்பி. அதுக்குத்தான்” என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

2008இல் ராடு நழுவி அவருடைய இடது கையில் விழுந்தது. கட்டுப்போட்டு ஊருக்கு அனுப்பினோம். அடுத்த மாதம் நான் லீவில் வந்தபோது, அவர் விட்டுப்போன துணிப்பையைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று சங்ககிரியில் இறங்கி அவருடைய ஊருக்குப் போனேன். பஸ் நின்ற இடத்தில் ஒரு டீக்கடை.

“ஏனுங்க, ரங்கசாமி ஊடு எதுங்க? ரிக்குல டிரில்லரா இருக்கறாரே.”

கடைக்காரர் யோசித்தார். பெஞ்சில் இருந்தவர்களைக் கேட்டார். “ரங்கசாமின்னு ஒருத்தரு போன வருசமே செத்துட்டாரு. வேற யாருங்க?” என்றார் ஒருவர். கையில் அடிபட்டவர் என்றேன்.

“அட, ரங்கனா! செல்லாயி பையன்!” கடையே சிரித்தது. “சாமி எப்பங்க வந்து ஒட்டுச்சு? அந்தா, அந்த ரோட்டுல நேராப் போனா காலனி. அங்க கேளுங்க.”

அந்த ரோட்டில் நடந்த கால் மணி நேரத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பத்து வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்டவன் நான். அதற்குப் பிறகும் எனக்குள் ஏதோ ஒன்று பின்வாங்கியது. ஏமாற்றிவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. பிறகு சமாளித்துக்கொண்டு, “வா தம்பி” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆறு வயசுப் பிரீத்தி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவருடைய மனைவி சௌந்திரம் ஒரு சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நல்ல வெயிலில் நடந்து வந்திருந்தேன். தொண்டை காய்ந்து கிடந்தது.

“வேண்டாங்க. இப்பத்தான் கடையில டீ குடிச்சேன்” என்றேன். நான் குடித்திருக்கவில்லை.

சௌந்திரம் டம்ளரை உள்ளே எடுத்துப் போய்விட்டார். அண்ணன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் காதை நீவிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ராய்ப்பூருக்குத் திரும்பிய அன்றே மாதேஸ்வரனிடம் சொன்னேன். கெட்ட எண்ணத்தோடு சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். பெயரை வைத்து ஆளைச் சொல்லும் அவருடைய சாமர்த்தியம் பலிக்கவில்லை என்று சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. மாதேஸ்வரன் சிரிக்கவில்லை. “பத்து வருசமா நம்மளையெல்லாம்…” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கை சரியாகி அவர் வந்து சேர்ந்தபோது, வண்டியில் ஏறிய முதல் நாளே ஒருவன், அவரைவிட இருபது வயது சின்னவன், “ரங்கா, அந்தச் சங்கிலியை எடு” என்றான். அவர் சங்கிலியை எடுத்துக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ராடு எண்ணுவதைப் போலக் குனிந்துகொண்டேன்.

யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. தார்ப்பாயில் அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஆள் உட்காராமல் போனது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவராகவே தட்டை எடுத்துக்கொண்டு வண்டியின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். பதினோராம் நாள் வேலையை விட்டார். ராய்ப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் துர்க் ஸ்டேஷன் வரை நான்தான் கூடப் போனேன். ரயில் வந்ததும் சொன்னார்:

“நீங்க தண்ணி குடிக்காதபோதே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. மொதல்லயே நான் சொல்லியிருக்கோணும். தப்பு எம்மேலதான்.”

பத்து வருஷம் என்னை “நீ” என்றவர். அன்று “நீங்க” என்றார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். ரயில் நகர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ரயில் இன்னும் பத்து நிமிஷம் நின்றது. எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு அவர் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தீவனம் போடும் வேலைக்குப் போனார். ஆதார், ரேஷன் கார்டு, எல்லாவற்றிலும் ரங்கன். நான் சில வருஷத்தில் ரிக்கை விட்டு, ராசிபுரத்தில் ஒரு சின்ன ஜவுளிக் கடை போட்டேன். பதினைந்து வருஷம் அவரைப் பார்க்கவில்லை.

2023இல் மாதேஸ்வரன் போன் செய்தார். வயதாகி, பேச்சு மெலிந்திருந்தது. “ரங்கசாமி சேலத்துல ஆஸ்பத்திரில இருக்கறாராம். நுரையீரல்ல எல்லாம் கல்லுத் தூசியாம். நான் போகலைங்க. எந்த மூஞ்சியோட போறது? நீங்க போயிட்டு வாங்க.”

போனேன். வார்டில் எந்தக் கட்டில் என்று தெரியாமல் நின்றபோது, ஒரு நர்ஸ் சீட்டைப் பார்த்து, “ரங்கன்! ரங்கன் யாரு?” என்று கூப்பிட்டாள். ஜன்னலோரம் ஒரு கை எழுந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். எலும்பும் தோலுமாக இருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க, குமரகுரு.”

“அண்ணா, அன்னிக்கு நான்…” என்று ஆரம்பித்தேன். அவர் கையை லேசாக உயர்த்தினார்.

“பேசுனா மூச்சு வாங்குதுங்க. சும்மா உக்காருங்க.”

உட்கார்ந்தேன். என்னை மன்னித்தாரா, பேச விரும்பவில்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

வெளியே வராந்தாவில் பிரீத்தி எல்லாவற்றையும் சொன்னாள். பார்மசி படித்துவிட்டு, சேலத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு இருக்கிறாள். போன வருஷம் குடியிருக்க வீடு தேடியிருக்கிறாள். முதல் வீட்டு அம்மா நன்றாகத்தான் பேசினார்.

“பிரீத்தின்னு நல்ல பேரும்மா. இனிஷியல் ஆர்-ன்னா என்ன?”

“ரங்கன்.”

“ரங்கநாதனா?”

“ரங்கன்.”

“ஓ… சொந்த ஊரு எங்க?”

ஊட்டுக்காரரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்களாம். சொல்லவில்லை. இரண்டாவது வீட்டிலும் அதே கேள்விதான். மூன்றாவது வீட்டில், கேட்கும் முன்பே அவள் திரும்பிவிட்டாள். ஊருக்குப் போய் அப்பாவிடம் கத்தியிருக்கிறாள்: “என் பேரை மட்டும் அவ்வளவு யோசிச்சு வெச்சீங்களே, அதுக்கு முன்னால நிக்கற எழுத்தை யோசிச்சீங்களா?”

அப்போதுதான் அவர் தன் அம்மா வைத்த பெயரையும், ஹெட்மாஸ்டர் எழுதிய பெயரையும் மகளிடம் சொன்னார். அடுத்த வாரமே பெயரை மாற்ற விண்ணப்பம் வாங்கிவந்தார். அரசிதழில் ரங்கசாமி என்று வந்துவிட்டால் போதும், மகளின் சர்டிபிகேட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். விண்ணப்பம் திரும்பி வந்தது. பழைய பெயரில் போட வேண்டிய கையெழுத்து சரியில்லையாம். ரிக்கில் பதினேழு வருஷம் ரங்கசாமி என்றே கையெழுத்துப் போட்டுப் பழகியவர். ‘ரங்க’ வரை எழுதியதும், கை தானாகவே ‘சாமி’ என்று போய்விட்டது. அதை அடித்துவிட்டு ‘ன்’ எழுதியிருந்தார்.

“காலண்டர் தாளுக்குப் பின்னால தினமும் ரங்கன், ரங்கன்னு எழுதிப் பழகுனாருங்க” என்றாள் பிரீத்தி. “சாமியை வாங்கறதுக்கு, சாமி இல்லாம எழுதிப் பழகோணும்னு சொல்லிச் சிரிப்பாரு. மறுபடியும் அனுப்பறதுக்குள்ள இருமல் ஜாஸ்தியாயிடுச்சு.”

ஒன்பதாம் நாள் அவர் இறந்துபோனார். ஊர்க் காலனியில் எடுத்தார்கள். நான் போயிருந்தேன். பிளெக்ஸில் ரங்கசாமி என்று பிரீத்தி போடச் சொல்லியிருந்தாள். பஸ் நிற்கும் இடத்தில் அதைப் பார்த்தவர்கள், படத்தைப் பார்த்த பிறகுதான் யாரென்று கண்டுகொண்டார்கள். இறப்புச் சான்றிதழ் ஆதாரில் உள்ளபடி, ரங்கன் என்றே வந்தது.

காரியமெல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது பிரீத்தி ரோடு வரை வந்தாள். இப்போதெல்லாம் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறாள்.

“சித்தப்பா, அப்பா ரிக்கைப் பத்திப் பேசுனா மூஞ்சியே மாறிப்போகும். அவ்வளவு பிடிச்ச வேலையை எதுக்கு விட்டுட்டு வந்தாரு? கேட்டாச் சொல்லவே மாட்டாரு. உங்களுக்குத் தெரியுமா?”

“கையில அடிபட்டுச்சில்ல சாமி” என்றேன். “அதுக்கப்பறம் கனமான வேலை முடியலை.”

அவள் நம்பினாள். பஸ் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் செய்கிறாள். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.