பஸ்ஸுக்குள் பனி

இன்று காலை லிந்துலையில் நுவரெலியா பஸ் ஏறினேன். வெளியே நல்ல வெயில். பக்கத்து சீட் அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்.

“என்னாங்க, பஸ்ஸுக்குள்ளயே இம்புட்டு பனி?”

பஸ்ஸுக்குள் பனியே இல்லை; அவர் மூச்சில் சாராய வாடை. “நேத்து என்னா குடிச்சீங்க?”

“எங்க தேயிலைத் தோட்டத்துல ஒருத்தரு வீட்டுலயே விஸ்கி காய்ச்சுறாரு. லேபல் எல்லாம் ஒட்டித்தான் குடுக்குறாரு. கல்யாண வீட்டுல நாங்க நாலு பேரு குடிச்சோம்.”

கண்டக்டரிடம் சொல்லி, ஆஸ்பத்திரி வாசலிலேயே அவரை இறக்கினோம்.

“கண் பார்வையையும் உயிரையும் பறிக்கிற சரக்கு இது. மத்த மூணு பேரையும் உடனே வரச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

அண்ணனின் போனிலிருந்து அழைத்தேன். இரண்டு பேர் ஆட்டோவில் வருகிறார்கள். மூன்றாமவரின் மனைவி, “அவரு இன்னும் எந்திரிக்கலையே, அசந்து தூங்குறாரு” என்றார். எழுப்பச் சொல்லிவிட்டு, வாசலிலேயே நிற்கிறேன்.

இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது அந்த விஸ்கிப் போத்தல் இருந்தால், கமெண்டில் என்னைத் திட்டிவிட்டாவது கொட்டிவிடுங்கள்.