லிஃப்ட்காரரும் அந்த நான்கு பேரும்

மூடிய லிஃப்ட் கதவில் விரல் முட்டியால் மூன்று முறை தட்டிவிட்டு, காதை ஒட்டவைத்துக் காத்திருப்பார். உள்ளே மாட்டிக்கொண்டவர் பதிலுக்கு மூன்று தட்டு தட்டியாக வேண்டும். அதற்கப்புறம்தான் கருவிப் பையைத் திறப்பார். "கத்த வேணாம், அழ வேணாம், தட்டுங்க போதும். நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும், நான் இருக்கேன்னு உங்களுக்குத் தெரியணும். மத்ததெல்லாம் வயர் சமாச்சாரம்."

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவர் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர்தான். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். சட்டைப் பையில் ஒரு டெஸ்டரும் உள்ளங்கை அகலத்தில் ஒரு வேதப் புத்தகமும் இருக்கும். எந்தக் கதையை அதிகம் படிக்கிறார் என்று கேட்கவே வேண்டாம். பக்க ஓரத்தில் படிந்திருக்கும் கறுப்பே சொல்லிவிடும்.

பைபிள் கதை எதுவானாலும் அது அவருடைய தொழிலில் வந்துதான் முடியும். ஒருமுறை எங்கள் மாடி வக்கீல் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, கேஸ் போடுவேன், நஷ்டஈடு கேட்பேன் என்று கதவை உதைத்துக்கொண்டிருந்தார். இவர் வெளியே குந்தி உட்கார்ந்து, திருகாணியைக் கழற்றியபடியே, பெரிய மீன் ஒருவரை விழுங்கிய கதையை ஆரம்பித்துவிட்டார். "மூணு நாள் சார். கரன்ட் கிடையாது, ஃபேன் கிடையாது, ஒரே மீன் வாடை. அவரே உள்ள உட்கார்ந்து பொறுமையா ஜெபம் பண்ணினாரு. உங்களுக்குப் பத்து நிமிஷம்தானே ஆச்சு?" உள்ளே உதை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் அந்த ஆள் எப்படி வெளியே வந்தார்?" என்று வக்கீல் குரல் கேட்டது.

வானத்தைத் தொடக் கோபுரம் கட்டியவர்கள் ஏன் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்பதற்கும் அவரிடம் விளக்கம் உண்டு. "மேல இருக்கறவன் செங்கல் கேட்டா கீழ இருக்கறவனுக்குக் கேட்கல. லிஃப்ட் இல்ல, இன்டர்காம் இல்ல. அப்புறம் சண்டை வராம?" எனக்குப் பக்தி கொஞ்சம் தூரத்துச் சொந்தம். ஆனாலும் இவர் கதை சொல்ல ஆரம்பித்தால் பால் அடுப்பில் இருப்பதுகூட எனக்கு மறந்துபோகும்.

அவருடைய புத்தகத்தில் ஆகக் கறுத்துப்போன பக்கம் ஒன்று உண்டு. கை கால் விளங்காத ஒருவனைப் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள் நான்கு பேர். வாசலில் கூட்டம், நுழைய வழியில்லை. கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, ஆண்டவர் முன்னால் படுக்கையை இறக்கிவிடுகிறார்கள். "உலகத்துல முதல் லிஃப்ட் அதுதான் சார்! நாலு முனையும் ஒரே வேகத்துல இறங்கணும். ஒருத்தன் அவசரப்பட்டாலும் ஆள் காலி. ஆண்டவர் யாரோட விசுவாசத்தைப் பார்த்தாரு? படுத்திருந்தவனோடது இல்ல, தூக்கிட்டு வந்தவங்களோடது. அவன் நம்பிக்கை போய்க் கிடந்திருப்பான், பாவம். அவனுக்கும் சேர்த்து அவங்க நம்பினாங்க." இதைச் சொல்லும்போது நெஞ்சைத் தொட்டுக்கொள்வார். அந்த நான்கில் ஒருவராகத் தன்னை அவர் எப்போதோ சேர்த்துக்கொண்டாயிற்று.

ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கும் மனிதர் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தவர், எட்டு மாதமாகப் படியிறங்கவில்லை. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து கால்பயிற்சி செய்ய வேண்டும், இந்த மாதத்துக்குள் ஆரம்பிக்காவிட்டால் பிறகு நடக்கவே முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

லிஃப்ட்காரர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பழைய மோட்டார், இரும்புக் கயிறு, கப்பி என்று சேர்த்து, பால்கனியிலிருந்து ஒரு நாற்காலியைக் கீழே இறக்கச் சொந்தமாக ஒரு ஏற்பாடு செய்ய ஆரம்பித்தார். மூன்று வாரம் கழித்து, "வந்து பாருங்க சார், அதே கதைதான்!" என்று என்னை அழைத்துப் போனார். நாற்காலியில் மனைவிக்குப் பதில் அறுபது கிலோ மணல் மூட்டையைக் கட்டி இறக்கினார். இரண்டாவது மாடிவரை நாற்காலி சமர்த்தாகத்தான் போனது. அப்புறம் பம்பரமாகச் சுற்றி, கீழ்வீட்டுப் பூந்தொட்டிகள் இரண்டைத் தட்டிவிட்டு, அந்தரத்தில் தலைகீழாக நின்றது.

உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அவங்க கூரையைத்தான் பிரிச்சாங்க. நீங்க என்னையே பிரிச்சுடுவீங்க போல இருக்கே!"

"பேலன்ஸ் கொஞ்சம் பார்க்கணும். சரியாயிடும்," என்றார் இவர்.

"தம்பி, நீங்களே கேளுங்க," என்று என் பக்கம் திரும்பினார் அம்மாள். "கல்யாணமான நாள்லேருந்து அந்தக் கதையை எனக்குச் சொல்றாரு. அதுல மோட்டார் எங்க வருது? அந்த நாலு பேரும் வாயைத் திறந்து ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருப்பாங்க இல்ல, கொஞ்சம் வந்து பிடிக்கிறியான்னு? இவருக்கு அது மட்டும் வராது. கயித்தை நம்புவாரு, மனுஷங்களை நம்ப மாட்டாரு."

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. எதற்கும் ஒரு கதை வைத்திருக்கும் மனிதர், ஸ்பேனரைக் கையில் புரட்டிக்கொண்டிருந்தார். மாதம் முடிய அப்போது ஆறு நாள்தான் பாக்கி.

மறுநாள் காலை என் வீட்டுக் கதவில் மூன்று தட்டு. காலிங்பெல் இருக்க இதென்ன என்று திறந்தால், லிஃப்ட்காரர். பையைத் திறந்தார், மூடினார். தொண்டையைச் செருமினார். வாரண்டி முடிந்த மிஷினைப் பார்ப்பதுபோல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்... மூணு முனை காலியா இருக்கு."

அந்த ஒரு வரிக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது, அவர்மேல் எனக்கு இருந்த பிரியம் இரண்டு மடங்காகிவிட்டது. எங்கள் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் வக்கீல் எதிர்வாதமே இல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் வீட்டுக்குப் போய், கைப்பிடி வைத்த மர நாற்காலியில் அம்மாளை உட்காரவைத்தோம். பின்பக்கம் வக்கீலும் நானும். முன்பக்கம், இறங்கும் திசை பார்த்து, வாட்ச்மேனும் லிஃப்ட்காரரும். "ஒரே வேகம், ஒரே வேகம். வக்கீல் சார், அவசரப்படாதீங்க," என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே இறங்கினார். அவருக்கு எங்கள் முகமும் தெரியாது, அம்மாள் முகமும் தெரியாது. வழக்கமாக வேலை நேரத்தில் ஒரு கதையாவது ஓடும். அன்று ஒன்றும் வரவில்லை. கழுத்தெல்லாம் வியர்வை.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் என் பிடி லேசாக நழுவியது. நாற்காலி ஒரு பக்கம் சரிந்தது. "ஐயோ" என்றார் வாட்ச்மேன். அம்மாள் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். நான் சுதாரித்துப் பிடித்துக்கொண்டேன். நாலு பேரும் நின்ற இடத்தில் நின்றோம். லிஃப்ட்காரரால் திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பினால் முனை போய்விடும். "என்னாச்சு? என்னாச்சு அங்க?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

அம்மாள் கையை நீட்டி, அவர் முதுகில் விரல் முட்டியால் மூன்று முறை தட்டினார்.

பதிலுக்குத் தட்ட அவருக்குக் கை இல்லை, இரண்டும் நாற்காலியில் இருந்தன. கனத்த ஷூ மாட்டிய வலது காலை மெல்லத் தூக்கி, குதிகாலால் படியில் தட்டினார், மூன்று முறை.