எட்டாம் நம்பர் காலும் பதினொன்றாம் நம்பர் பூட்ஸும்

குழந்தைசாமி காலை ஓர் உதறு உதறினார். பூட்ஸ் கழன்று பறந்து, வரிசையாகத் தொங்கிய காக்கித் தண்ணீர்ப் புட்டிகளில் மோதி, மேசைக்கு அடியில் போய் விழுந்தது. கடைக்காரர் முருகப்பன் அதற்குள் தலையைத் தாழ்த்திக்கொள்ளப் பழகியிருந்தார். குழந்தைசாமியின் முகத்தில் திருப்தி. பறந்த பூட்ஸைத் தேடி எடுத்து, பெஞ்சின்மேல் நிறுத்தி, பெஞ்சின் முனையைப் பிடித்து நன்றாக உலுக்கினார். பூட்ஸ் இரண்டு தடவை தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"ம்ஹூம், நிக்கலைங்க. வேற எடுங்க மொதலாளி."

"நிக்கவேண்டியது நீங்கய்யா. பூட்ஸு எதுக்கு நிக்கணும்?"

"அதுவும் நிக்கணும்ல."

புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியில், மகாயுத்தம் மிச்சம் வைத்துவிட்டுப் போன சாமான்களை முருகப்பன் விற்கிறார். கொசுவலை, தகரக் குவளை, எந்த ஊர் சோல்ஜருடையதோ பெயர் எழுதிய கான்வாஸ் பை, ஒற்றைக் கண்ணாடியுள்ள பைனாகுலர் எல்லாம் அங்கே கிடைக்கும். எங்கோ இரண்டு தேசங்கள் அடித்துக்கொண்டால் நமக்கு ஒரு கடை கிடைக்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அந்தக் கடையில் குழந்தைசாமி பூட்ஸ் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். நாலாவது ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று அவருக்குக் கிடையாது. மறுநாள் ஒன்றாம் தேதி.

குழந்தைசாமி ஆறடிக்கு இரண்டு விரற்கடை மேல். பெயர் வைத்தபோது யாரும் அளந்து பார்க்கவில்லை. அவர் ஓட்டுவது சல்லியை உருட்டி இறுக்குகிற, நீராவியில் ஓடும் ரோடு இஞ்சின். சமஸ்தானம் இருந்த காலத்தில் வாங்கியது. நாலு வருஷத்துக்கு முன்னால் சமஸ்தானத்தைச் சர்க்காரிடம் ஒப்படைத்தபோது சாமான் ஜாபிதாவில் இஞ்சினும் இருந்தது. அதே ஜாபிதாவில், சற்றுக் கீழே, குழந்தைசாமியும் இருந்தார். இஞ்சினை அவர் 'மூத்தவ' என்று சொல்வார். வீட்டில் இருக்கும் மனைவி செவந்தி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ரகமில்லை. "மூத்தவளுக்குத் தண்ணி காட்டியாச்சா? அப்ப ஒக்காருங்க, சோறு போடுறேன்" என்பாள்.

பதினேழு வருஷம் ஒரே சாலையில் முன்னும் பின்னும் போய்வந்த மனிதருக்கு அந்த நடை உடம்பில் ஊறிவிட்டது. யோசனை வந்தால் வாசலில் ஐந்தடி முன்னால் போவார். திரும்பாமல் ஐந்தடி பின்னால் வருவார். கதை சொன்னாலும் அப்படித்தான். மாடு கிணற்றில் விழுந்ததைச் சொல்லி முடித்து, கிணற்றிலிருந்து தொடங்கி மாடு வரைக்கும் இன்னொரு முறை சொல்வார். கேட்பவர் மனத்தில் விஷயம் நன்றாக இறுகிவிடும். தூரத்தை மைலில் சொல்லமாட்டார். "இங்கிட்டு இருந்து எட்டு ஓட்டம்" என்பார். தாம் உருட்டிய சாலையின் நடுவில் மட்டும் நடக்கமாட்டார். ஓரத்து மண்ணில் இறங்கித்தான் நடப்பார். கோலத்தை மிதிக்கக்கூடாது என்கிற மாதிரி ஒரு பக்குவம்.

இந்தப் பதினேழு வருஷமும் அவர் வெறுங்காலோடுதான் ஓட்டினார். போன சித்திரையில், நெருப்புப் பெட்டியைத் திறந்து விறகு தள்ளும்போது ஒரு கங்கு தெறித்து வலது புறங்காலில் உட்கார்ந்துவிட்டது. பன்னிரண்டு நாள் படுக்கை. பன்னிரண்டு நாளும் மூத்தவள் புளியமரத்தடியில் சும்மா நின்றாள். புது ஓவர்சியர் மேலே எழுதினார். மேலேயிருந்து சர்க்குலர் வந்தது: இஞ்சினில் ஏறுகிறவன் முழங்கால் வரைக்கும் தோல் பூட்ஸ் போட்டிருக்க வேண்டும். ஒன்றாம் தேதி சோதனை. காலில் பூட்ஸ் இல்லையென்றால் இஞ்சின் வேறு டிரைவருக்கு. குழந்தைசாமி பழையபடி சல்லி உடைக்கிற கும்பலுக்கு.

போட்டுக்கொண்டால் போயிற்று என்று வாசகர்கள் நினைக்கலாம். ஓவர்சியரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் இப்போது சல்லி போட்டு உருட்டுகிற இடம் இலுப்பூரிலிருந்து விராலிமலை போகிற சாலை. அதில் ஐந்தாவது மைலை ஒட்டி அய்யனார் இருக்கிறார். ஏழு மண்குதிரைகள் சாலையைப் பார்த்தபடி நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் காலில் செருப்போடு யாரும் போவதில்லை. வண்டிக்காரன் இறங்கிக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வான். பஸ் டிரைவர்கூடச் செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டுதான் பிரேக்கை மிதிப்பார். மற்றவர்கள் அந்த இடத்தை நாளைக்கு ஒரு தடவை கடக்கிறார்கள். ரோடு இஞ்சின் கடந்தால் திரும்பியும் கடக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் நாற்பது தடவை. நாடா கட்டுகிற பூட்ஸை நாற்பது தடவை அவிழ்த்து நாற்பது தடவை கட்டுகிறவனுக்கு ரோடு போட நேரம் எங்கே?

இதை ஓவர்சியரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். சர்க்குலரை மேலிருந்து கீழாக ஒரு முறை படித்துவிட்டு, "இதிலே சாமிக்கு விதிவிலக்குப் போடலையேப்பா" என்றாராம் ஓவர்சியர்.

அய்யனாரிடமும் சொல்லிப் பார்த்தார். அவர் எதையும் படித்துப் பார்க்கவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று முருகப்பன் பரணில் ஏறி, கோணியில் சுற்றி வைத்திருந்த ஒரு ஜோடியை இறக்கினார். கறுப்புத் தோல், கால் தடிமனுக்கு இரட்டிப்பு, நாடா கிடையாது, கணுக்காலில் ஒரு வார், மேல்வாயில் ஒரு வார், இரண்டுக்கும் பித்தளைக் கொக்கி. பரணிலிருந்து அது தரையில் விழுந்த சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ரயில் இஞ்சின்ல கரி அள்ளிப் போடுற ஆளுங்களுக்குன்னே தைச்சதுய்யா. அமெரிக்காக்காரன் விட்டுட்டுப் போனது. ஆனா ஒங்களுக்கு ஆகாது. பதினொண்ணாம் நம்பரு. ஒங்க காலு எட்டு."

குழந்தைசாமி காலை நீட்டி அளக்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை உருவினார். அதைப் பூட்ஸின் அடிக்கு வைக்காமல் நிறுத்தி, உயரத்துக்கு வைத்துப் பார்த்தார். ஈர்க்கும் பூட்ஸும் ஒரே மட்டம். பிறகு பெஞ்சில் நிறுத்தி உலுக்கினார். பெஞ்சு ஆடிற்று, புட்டிகள் ஆடின, முருகப்பன் ஆடினார், பூட்ஸ் ஆடவில்லை. பிறகு உள்ளே காலை விட்டு, கையால் தொடாமல் வெளியே எடுத்தார். குடத்திலிருந்து கை வருகிற மாதிரி கால் வந்தது.

"இதாங்க."

"யோவ், ரெண்டு காலும் ஒண்ணுக்குள்ளயே போயிரும்யா! நடந்தா கழண்டுக்கிரும்!"

"கழண்டுக்கிறதுக்குத்தானே மொதலாளி மூணு வாரமா அலையிறேன்."

"என் ஆயுசுல, பத்தாத செருப்பை வாங்குறவனைப் பாத்திருக்கேன், காலே இல்லாதவனுக்கும் பூட்ஸு வித்திருக்கேன். ஒங்களை மாதிரி..." என்று ஆரம்பித்த முருகப்பன் முடிக்கவில்லை. குழந்தைசாமி இரண்டு கையிலும் ஒவ்வொரு பூட்ஸாகத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார்.

ஈர்க்கின் ரகசியத்தை மறுநாள் காலை ஐந்தாவது மைலில் பார்த்தேன். மூத்தவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு தூரத்திலிருந்து வந்தாள். டிரைவர் பூட்ஸோடு நின்று விறகு தள்ளினார். கங்கு தெறித்தது, தோலில் பட்டு உருண்டு கீழே விழுந்தது. முதல் மண்குதிரை கண்ணில் பட்டதும் அவர் நெருப்புப் பெட்டியை மூடிவிட்டுப் பின்னால் இருக்கிற சாமான் பெட்டிமேல் உட்கார்ந்தார். கால் இரண்டும் சத்தமில்லாமல் உருவிக்கொண்டு மேலே வந்தன, சம்மணம் போட்டுக்கொண்டன. மடியில் துண்டு விழுந்தது. பூட்ஸ் இரண்டும் பெட்டியை ஒட்டி, துண்டின் கரைக்குக் கீழே, அசையாமல் நின்றன. பெட்டியின் உயரம்தான் ஈர்க்கு. சாலையிலிருந்து பார்த்தால் பூட்ஸ் போட்ட ஒரு டிரைவர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். குதிரைமேலிருந்து பார்த்தால் வெறுங்காலோடு ஒரு பக்தன் சம்மணமிட்டுப் போகிறான்.

"சாமியை ஏமாத்துறது இல்லையா இது?" என்று கேட்டேன்.

"கால்ல கெடந்தாத்தாங்க செருப்பு. சும்மா நின்னா அது சாமான். கரி, விறகு, ஸ்பானர் எல்லாந்தான் வண்டியில போகுது. அதையெல்லாம் எறக்கி வச்சுட்டா போறேன்?" என்றார். சொன்னதையே கடைசியிலிருந்து ஒரு முறை திரும்பவும் சொன்னார்.

பத்து மணிக்கு ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். சோதனைக்கு அவர் வேறு இடம் தேடவில்லை. இஞ்சின் எங்கே ஓடுகிறதோ அங்கேயே, ஏழு குதிரைகளுக்கும் எதிரில், சாலையின் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு செடியின் நிழல்கூட இல்லை. சல்லிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ராக்காயி குடத்தை இறக்கி வைத்தாள். மூத்தவள் நெருங்கி வந்தாள். துண்டு தொங்கியது. பூட்ஸ் நின்றன.

"என்னப்பா, பூட்ஸ் வாங்கியாச்சா?"

"கண்ணு முன்னாடி நிக்குதுங்களேய்யா."

ஓவர்சியர் பார்த்தார். தோலைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். சக்கரம் பெரிய சல்லி ஒன்றில் ஏறி இறங்கியது. சாமான் பெட்டி குலுங்கியது, குழந்தைசாமியும் குலுங்கினார். பூட்ஸ் குலுங்கவில்லை. துண்டின் ஓரம் மட்டும் ஒரு விரல் மேலே ஏறி, பூட்ஸின் வாயில் கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டையைக் காட்டிவிட்டுக் கீழே இறங்கியது. ராக்காயி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஓவர்சியரின் பென்சில் நோட்டுப் புத்தகத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு எழுதியது. "பூட்ஸ் சரி" என்று வாய்விட்டும் சொன்னார்.

அவர் ஏன் அவ்வளவு சுருக்கமாக முடித்துக்கொண்டார் என்று நான் குனிந்து பார்த்தேன். ராக்காயி முன்பே பார்த்திருந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம், ஊருக்கே கேட்கிற ரகசியக் குரலில் சொன்னாள்: "ஏடி, சர்க்குலரைச் சைக்கிளுக்கிட்டக் கழட்டிப் போட்டுட்டுல்ல வந்து நிக்கிறாங்க!"

நூறு கஜத்துக்கு அப்பால் சைக்கிள் நின்றது. அதன் அடியில் பாலிஷ் போட்ட ஒரு ஜோடி ஷூ, காலுறையை உள்ளே திணித்தபடி. ஓவர்சியருடைய ஊர் மாற்ற மனு ஒன்று ஆறு மாதமாக மேலே போய்க் கிடக்கிறது, அய்யனாரைப் பகைத்துக்கொள்கிற நிலையில் அவர் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு என் கண்ணில் பட்டது, கொதிக்கிற சல்லியில் இடது காலையும் வலது காலையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, இன்னும் ஏதோ எழுதுகிறவர்போல நின்ற ஒரு மனிதர்தான்.

குழந்தைசாமி அவர் காலைப் பார்த்தார். உடனே கண்ணைத் திருப்பி ஆவிமானியின் முள்ளைப் பார்த்தார். விசில் கொடுக்கவில்லை. மூத்தவளை நாலடி பின்னுக்கு எடுத்து, ஓவர்சியரின் வெறுங்கால்மேல் அவள் நிழல் விழும்படி நிறுத்திவிட்டு, இஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவர்போல எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.