கோபத்தை விட்ட பிறகு

என் அப்பா வாகிமான், கூத்தோஆர்ஜோ ஊருக்கு மேற்கே ஒரு ரயில்வே கேட்டில் கேட் கீப்பராக இருந்தார். கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. என் அண்ணன் குனார்த்தோ வாய் திறந்து, "மன்னிச்சுட்டேன்" என்று சொல்ல வேண்டும்.

கேட் கீப்பர் வேலை என்றால் திட்டு வாங்கும் வேலை. கேட்டை இறக்கினால் திட்டு. தூக்கத் தாமதமானால் திட்டு. இறங்குகிற கம்பிக்கு அடியில் மோட்டார் சைக்கிளை நுழைப்பவனை விசில் ஊதி நிறுத்தினால், அவன் நம் அம்மா வரைக்கும் இழுப்பான். சீருடை போட்டவர் பதில் பேசக் கூடாது. அப்பா பேச மாட்டார். பேசாததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மாலை அப்படித்தான் வந்தார். அண்ணன் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். ரேடியோவில் கால்பந்து வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னார் அப்பா. "கோல் விழப் போகுதுப்பா, ஒரு நிமிஷம்" என்றான் அண்ணன். ஒரே அறை. இடது காதில் ஜவ்வு கிழிந்து, சீழ் பிடித்து, அந்தக் காது போயே போயிற்று. இதை எனக்கு அம்மா சொன்னாள். அப்பாவும் ஒருநாளும் மறைத்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் யார் மேலும் கை வைக்கவில்லை.

நிற்கும்போது கோபம் வந்தால் உட்கார், உட்கார்ந்தும் தணியாவிட்டால் படு, எழுந்து முகம் கைகால் கழுவி ஒளு செய். பள்ளிவாசலில் எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதான். அப்பா மட்டும் அதை அப்படியே செய்தார். ரயில் போய், கேட்டைத் தூக்கி முடித்ததும், திட்டியவன் எதிரிலேயே ஜல்லி மேல் உட்கார்ந்துவிடுவார். கேட்டடியில் டீ வண்டி வைத்திருந்த ஜுமிலா அக்காவுக்கு அது தினசரிக் கூத்து.

"எல்லாரும் பாத்துக்குங்க, வாகிமான் அண்ணன் உக்காந்துட்டாரு! இன்னும் ஒரு வார்த்தை பேசுனா படுத்துருவாரு. அப்புறம் அடுத்த வண்டிக்குக் கேட்ட யாரு எறக்குறது, உங்கப்பனா?"

"என்னக்கா இது, திட்டுனா சண்டைக்கு வருவாருன்னு பாத்தா கீழ உக்காந்துக்கிறாரு?"

"அவரு உக்காந்தது உனக்கு நல்ல நேரம்டா. கெளம்பு."

வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வர மாட்டார். டீ வண்டி பெஞ்சில் உட்கார்ந்து தன் காது மடலைத் தொட்டுப் பார்ப்பார்.

"ஆறிடுச்சா?" என்பாள் ஜுமிலா அக்கா.

"இன்னும் இல்ல."

"அப்ப இன்னொரு டீ குடிங்க. உங்க கோவத்துலதான் என் பொழப்பு ஓடுது."

ஒருமுறை என்னிடம் விளக்கினார். "மொதல்ல காது மடல் சுடும். அப்பவே கண்டுக்கிட்டா நிறுத்திடலாம். அதத் தாண்டிக் கைக்கு வந்துருச்சுன்னா, கை நம்ம பேச்சக் கேக்காது."

நான் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்க்கிறவள். கோபம் நீராவி மாதிரி, வெளியே விட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். கொதிகலன் பக்கம் நின்றவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வால்வு திறந்தால் எதிரே நிற்பவன் வெந்துபோவான். அப்பா ஆவியை வெளியே விடவில்லை, உள்ளே அடைக்கவும் இல்லை. அடுப்புக்குப் போகும் கரும்புச் சக்கையைக் குறைத்தார். அதற்குத் தினமும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவர் பார்த்தார்.

எனக்குக் கிடைத்த அப்பா இவர். அண்ணனுக்குக் கிடைத்தவர் வேறு. படிப்பு முடிந்ததும் அவன் பாத்தாம் தீவுக்குப் போனான். கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை. வீட்டுக்குப் பணம் அனுப்புவான், வர மாட்டான். அம்மா இறந்தபோது வந்து, மண் போட்டுவிட்டு, அன்றைக்கே கிளம்பினான்.

ஒருநாள் போனில் சொன்னேன். "அப்பா எவ்வளவோ மாறிட்டாரு அண்ணா. ஒரு தடவ வந்து பாரு."

"தெரியும் வூலான். மாற முடிஞ்ச ஆளுதான். அத நெனச்சாத்தான் எனக்கு இன்னும் எரியுது. முடியாத ஆளுன்னா எப்பவோ விட்டிருப்பேன்."

 

போன வருஷம் அப்பாவுக்கு இதயம் வீங்கிவிட்டது என்றார்கள். நோன்புப் பெருநாளுக்கு அண்ணன் வந்தான். தொழுகை முடிந்து அப்பா பிரம்பு நாற்காலியில் உட்கார, சித்தப்பா சைமின் வீட்டார், அக்கம்பக்கத்தார் எல்லாம் வாசல் வரை வரிசையாக நின்றார்கள். சிறியவர்கள் மண்டியிட்டு, பெரியவரின் முழங்காலில் நெற்றியை வைத்து, மன்னிப்புக் கேட்க வேண்டும். பெரியவர் தலையைத் தொட்டு மன்னித்தேன் என்பார். அவ்வளவுதான் சடங்கு.

அண்ணன் முறையாக மண்டியிட்டான். "சொல்லாலயும் செயலாலயும் நான் செஞ்ச தப்பையெல்லாம் பொறுத்துக்கணும்ப்பா." மனப்பாடமாகச் சொன்னான். குரலில் ஒன்றும் இல்லை.

அப்பா அவன் தலையைத் தொடவில்லை. நாற்காலியிலிருந்து சறுக்கித் தரையில் இறங்கி, அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"உன் தப்பு என்னடா இருக்கு? நீதான் என்னை மன்னிக்கணும். உன் காது... நீ சொல்லு. ஒரு வார்த்தை சொல்லு போதும்."

"அண்ணே! என்ன காரியம் பண்றீங்க?" சித்தப்பா பாய்ந்து அவர் தோளைப் பிடித்தார். "தகப்பன் மகன் காலப் புடிச்சா புள்ளைக்கு ஆகுமா? கேடு புடிக்கும். எந்திரிங்க!"

வாசலில் யாரோ "யா அல்லா" என்றார்கள். அண்ணனின் கழுத்து சிவந்தது. காலை உருவிக்கொண்டு எழுந்தான்.

"இத்தன பேர் பாக்க என் காலப் புடிக்கிறீங்க. நான் மன்னிக்கலன்னா நான் கெட்டவன். மன்னிச்சா, அப்பனக் கால்ல விழ வெச்சவன். அடிச்சப்பவும் நான்தான் வாங்குனேன். மன்னிப்புக் கேட்டாலும் நான்தான் வாங்கணுமா?"

"ஒரு வார்த்தடா."

"சொல்ல மாட்டேன்."

பையை எடுத்துக்கொண்டு வரிசையைத் தள்ளிவிட்டுப் போனான். தேங்காய்ப்பால் கோழிக் குழம்பு தட்டில் அப்படியே இருந்தது. "சரி சரி, பெருநாளுக்கு எல்லாரும் சைபர் சைபர், பழைய கணக்கு ஒண்ணும் இல்ல" என்று சித்தப்பா வழக்கமான வேடிக்கையைச் சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன். "தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமேப்பா?"

"தனியாச் சொன்னா எனக்குச் சுலபம். நான் அடிச்ச சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு. நான் கேக்குற மன்னிப்பும் தெருவுக்கே கேக்கட்டும்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவனுக்கு அவ்வளவு கோவம் வந்துச்சே, கை தூக்குனானா பாத்தியா? தூக்கல." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்தது சந்தோஷம் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. சாப்பாடு குறைந்தது. அண்ணனுக்குப் போன் போட்டுத் தரச் சொல்வார். போட்டால் எடுக்க மாட்டான்.

மழைக்காலத்தில் அப்பா இறந்தார். அன்று மட்டும் அண்ணன் எடுத்தான்.

"இன்னைக்கே அடக்கம். நீ வர்றியா?"

"அதுக்குள்ள வந்து சேர முடியாது."

"போன்லயாவது இரு."

"ம்."

மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முற்றத்தில் சந்தூக்குப் பெட்டியில் வைத்தார்கள். தூக்குவதற்கு முன் ஊராரிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். சித்தப்பா முன்னால் வந்தார். நான் போனை உயர்த்திப் பிடித்தேன். அந்தப் பக்கம் இரும்பு அறுக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"எங்கண்ணன் வாகிமான் உங்கள்ல யாருக்காச்சும் தப்பு செஞ்சிருந்தா, இங்கயே மன்னிச்சிருங்க. மன்னிச்சீங்களா?"

"மன்னிச்சோம்" என்றது கூட்டம்.

"நல்ல மனுஷன்தானே?"

"நல்ல மனுஷன்!" ஜுமிலா அக்காவின் குரல் உடைந்து தனியாகக் கேட்டது.

போனில் இரும்புச் சத்தம் நின்றிருந்தது. காதில் வைத்தேன்.

"அண்ணா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நீ சொன்னியா?"

மூச்சு மட்டும் வந்தது. 

"வாயத் தொறந்து பாத்தேன்" என்றான். "வரல வூலான்."

அதற்குள் அப்பாவைத் தூக்கிவிட்டார்கள்.