மொட்டையம்மாவைப் பார்க்கச் சித்தூர் போன கதை

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை சித்தூருக்குப் போனேன். கேசவலு என்ற ஓவியர் விட்டுப்போன ஒரு கல்லைப் பார்க்கத்தான். ஏழு வருடமாக இந்த ஆளைத் தேடுகிறேன். என் மனைவி பைத்தியம் என்கிறாள், வேறு என்ன சொல்வாள் பாவம்!

கேசவலு பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். சித்தூரில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக நாவிதர், தண்ணீர் சுமப்பவர், பல்லக்குத் தூக்கி என்று சாதாரண ஜனங்களை வரைந்தார். கேமரா வந்ததும் பிழைப்பில் மண் விழுந்தது. திருப்பதிக்குப் போய்க் கல்லச்சில் சாமி படம் போட்டார். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து தாளில் அச்செடுப்பார்கள். பிறகு கல்லைத் தேய்த்துவிட்டு அடுத்த படம். அதனால் கல்லில் எதுவும் மிஞ்சவில்லை. கடைசிக் கல்லை மட்டும் அவர் தேய்க்கவில்லை.

அது அவருடைய வம்சத்தில் வந்த சரோஜாம்மாவிடம் இருக்கிறது. சித்தூரில் தையல் கடை வைத்திருக்கிறார். போவதற்குப் பத்து நாள் முன்பு போனில் பேசினேன். “ஒரு பொம்பள மலையில முடி குடுத்துட்டு, மொட்டத் தலையத் தொட்டுப் பாத்துக்கினு இருக்கும் சார். மொட்டையம்மான்னு நாங்க கும்புடுறோம்” என்றார். கேசவலு மனசுக்குப் பிடித்து வரைந்த படம் இதுவாகத்தான் இருக்கும்.

சென்னையில் காலை 6.25க்கு ரயில். புத்தூரில் சும்மா நிறுத்திவைத்து, திருப்பதி சேர 10.20. கேசவலுவின் அச்சகம் இருந்த தெரு முழுக்க இப்போது லாட்ஜுகள். வெறுத்துப்போய் பஸ் ஏறினேன். சித்தூர் 70 கிலோமீட்டர், 110 ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். ஆட்டோக்காரர் “எக்கட சார்?” என்று தெலுங்கில் கேட்டார். நான் விழித்து, தையல் கடை சரோஜாம்மா வீடு என்று தமிழில் சொன்னதும், “தமிழா? ஏறுங்க, டைலர் அக்கா வீடு தெரியும்” என்றார்.

சரோஜாம்மா வாசலிலேயே நின்றிருந்தார். பூஜை அறையில், பூ வைத்து, பளிச்சென்று வெளுத்த ஒரு கல். மூலையில் ஒரு கை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. தலை இல்லை, முகம் இல்லை.

“படம் எங்கம்மா?”

“அதுலதான் சார். வெள்ளிக்கிழமைல பொட்டு மட்டும்தான் வைப்போம், தண்ணி படக்கூடாதுன்னு எங்க நைனா சொல்லுவாரு. நீங்க வர்றீங்களே, கருப்பா பிசுக்கா கீதேன்னு, குத்துவெளக்கோட சேத்து புளி போட்டு நல்லா தேச்சேன். கொஞ்சம் போயிடுச்சு. உங்க கேமராவுல தெரியும் இல்ல சார்?”

அந்தப் பிசுக்குதான் படம்.

“தெரியும்மா” என்றேன். முப்பது போட்டோ எடுத்தேன். அந்த அம்மா சந்தோஷமாகக் காபி கொடுத்தார். குடிக்கவே முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: திருப்பதியில் வேலை இல்லையென்றால் காட்பாடியில் இறங்குங்கள், அங்கிருந்து சித்தூர் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். பழைய பொருளைப் பார்க்கப் போகிறவர்கள் போனில் முதல் வார்த்தையாக, “எதையும் துடைக்காதீங்க, இருக்கிறபடியே இருக்கட்டும்” என்று சொல்லிவிடுங்கள்.

நான் அதைச் சொல்லவில்லை. “போட்டோ எடுக்கணும்மா, கொஞ்சம் நல்லாத் தெரியற மாதிரி வைங்க” என்றுதான் சொன்னேன்.